கண்ணாடிமேல் விரல்

புதிதாக ஒரு போன் சந்தைக்கு வந்தால் அதைப்பற்றி எழுதுகிறவர்கள் முதலில் சொல்வது அது எத்தனை மில்லிமீட்டர் மெலிந்திருக்கிறது என்பதை. பிறகு கேமரா, பிறகு பாட்டரி, கடைசியில் விலை. இதற்கு மதிப்புரை என்று பெயர். நம் வாரப் பத்திரிகைகளின் புத்தக மதிப்புரைகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்த ஜாதி எழுத்து புதிதல்ல. அட்டை கண்ணைக் கவர்கிறது, அச்சு நேர்த்தி, விலைதான் கொஞ்சம் அதிகம், ஒவ்வொரு வீட்டிலும் இருக்கவேண்டியது. உள்ளே இருப்பது என்ன, அது நம்மிடம் எதைக் கேட்கிறது, நம்மை என்னவாக ஆக்குகிறது என்ற கேள்விகள் எழுவதேயில்லை. பெற்ற பிள்ளையைத் தொடுவதைவிட அதிகம் தடவை தொடுகிற ஒரு வஸ்துவைப்பற்றி, விமர்சனம் என்று ஒன்று இல்லாமலேயே காலம் தள்ளிக்கொண்டிருக்கிறோம்.

கவிதைப் பத்திரிகையில் இந்தச் சமாசாரம் எதற்கு என்று கேட்கலாம். இங்கு வரும் கவிதைகளில் தாளில் பேனாவால் எழுதி வருபவை இப்போது அபூர்வம். பெரும்பாலானவை போனில், கட்டை விரல்களால், பஸ்ஸிலோ படுக்கையிலோ எழுதப்பட்டவை. ஆகவே பேச்சு நம்மைப்பற்றியதுதான். எல்லாவற்றையும் பேசப்போவதில்லை. ஒரே ஒரு உறுப்பை எடுத்துக்கொள்கிறேன்: விசை. கீ என்கிறோமே, அது. முதலில் விசை இருந்தது. பிறகு அதன் படம் இருந்தது. இப்போது படம் இருந்தாலும் நாம் அதைத் தொட்டோமா இல்லையா என்பதை வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள். இந்த மூன்று கட்டங்களுக்கும் நடுவே எழுதுகிற கைக்கு என்ன ஆயிற்று என்பதுதான் கேள்வி.

துப்பாக்கியும் தையல் மிஷினும் செய்துகொண்டிருந்த ரெமிங்டன் கம்பெனி, ஷோல்ஸ் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த டைப்ரைட்டரை 1874இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த முதல் மிஷினில் எழுத்துகள் உருளையின் அடிப்புறத்தில் போய் அடித்தன. அடிக்கிறவருக்குத் தான் அடித்த வரி உடனே கண்ணில் படாது; சில வரிகள் தள்ளித் தாள் மேலே ஏறிய பிறகுதான் தெரியும். இதை ஒரு குறை என்றுதான் சொல்வார்கள். குறைதான், பிற்பாடு திருத்திக்கொண்டார்கள். ஆனாலும் ஒரு விஷயம் அதில் தெளிவாகிறது. எழுத்து நடந்ததைக் கண் சொல்லவேண்டியதில்லை, விரல் சொல்லும் என்ற நம்பிக்கையின்மேல் அந்த யந்திரம் நின்றது.

அந்த நம்பிக்கை முற்றி வந்த இடம் என்று 1985இல் ஐபிஎம் வெளியிட்ட மாடல் எம் என்ற விசைப்பலகையைச் சொல்வேன். இரண்டு கிலோவுக்கு மேல் கனம். ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு சுருள்வில். அழுத்த அழுத்த எதிர்க்கும்; ஓர் எல்லை தாண்டியதும் சட்டென்று பக்கவாட்டில் மடங்கிவிடும். மடங்கும்போது ஒரு சத்தம். எழுத்து கம்ப்யூட்டருக்குள் போவதும் அதே கணத்தில்தான். அதாவது விரல் உணர்வதும் காது கேட்பதும் காரியம் நடப்பதும் ஒன்றே. இது வடிவமைப்பில் நேர்மை. இங்கு சத்தம் அலங்காரத்துக்காகச் சேர்த்ததல்ல, காரியத்தின் சத்தம். இப்போதைய போன்கள் சில, கண்ணாடியைத் தொட்டதும் டைப்ரைட்டர் மாதிரி ஒரு 'டக்' போடுகின்றனவே, அது சினிமாவில் அடி விழாமலே வரும் குத்துச் சத்தம்.

விசைப்பலகைகளில் எஃப், ஜே என்ற இரண்டு விசைகளின்மேலும் ஒரு சின்ன மேடு இருக்கும். பார்க்காமலே ஆள்காட்டி விரல்கள் தங்கள் வீட்டைக் கண்டுபிடிப்பதற்காக. நன்றாகத் தட்டச்சுத் தெரிந்த ஒருவரிடம் ழ எங்கே இருக்கிறது என்று கேட்டுப்பாருங்கள். சொல்லத் தெரியாது. காற்றில் விரலை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். புத்தியில் இல்லாமல் விரலில் இருக்கிற ஞானம் அது. எழுதுகிறவனுக்கு இது சாதாரண விஷயமல்ல. அந்த ஞானம் விரலில் இருப்பதால்தான் புத்தி வாக்கியத்தோடு இருக்க முடிகிறது.

2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனைக் காட்டினார். அன்றைய போன்களின் கீழ்ப்பாதியில் பதிந்திருந்த பிளாஸ்டிக் விசைகளைக் குறைகூறினார். தேவையிருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை அங்கேயே இருக்கின்றன, ஒவ்வொரு காரியத்துக்கும் ஒவ்வொரு விதமான பொத்தான்கள் வேண்டும், விற்றுவிட்ட போனில் நாளைக்கு ஒரு புதுப் பொத்தானைச் சேர்க்க முடியாது என்றார். பலமான வாதம். வரைபடத்துக்கும் புகைப்படத்துக்கும் கணக்குக்கும் அவர் சொன்னது முழுக்க உண்மை. ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் அது பொருந்தவில்லை: எழுதுவதற்கு. எழுத்துக்கு வேண்டிய பொத்தான்கள் நாளைக்கு மாறப்போவதில்லை. அவை அங்கேயே இருப்பதுதான் அவற்றின் குணம்.

ஆனால் கண்ணாடியில் எழுதியாக வேண்டும். விரல் நுனி பெரியது, வரைந்த விசை சின்னது, கண்ணாடி எதிர்ப்பும் காட்டாது, பதிலும் சொல்லாது. பக்கத்து எழுத்தின்மேல் படும். இதற்கு ஆப்பிளில் கென் கொசியெண்டா முதலானவர்கள் ஒரு வழி கண்டார்கள். நீங்கள் தொட்டது எது என்று மட்டும் பார்க்காமல், நீங்கள் எந்த வார்த்தையை எழுத உத்தேசித்திருக்கலாம் என்று அகராதியை வைத்து ஊகித்துத் திருத்துவது. அதோடு, அடுத்து எந்த எழுத்து வரக்கூடும் என்று கணித்து, அந்த எழுத்தின் எல்லையை நமக்குத் தெரியாமல் பெரிதாக்கி வைப்பது. படத்தில் எல்லா விசைகளும் ஒரே அளவு. உள்ளே சில பெருத்தும் சில சிறுத்தும் இருக்கின்றன. சாமர்த்தியம்தான், சந்தேகமில்லை. அது இல்லாவிட்டால் கண்ணாடியில் யாரும் ஒரு வரி எழுதியிருக்க முடியாது. ஆனால் நடந்ததைக் கவனியுங்கள். கோடிக்கணக்கானவர்களின் எழுதுகருவிக்கு, அவர்கள் எதை எழுதப்போகிறார்கள் என்பதுபற்றி ஓர் அபிப்பிராயம் வந்துவிட்டது. ஆட்டோகரெக்ட் என்பது மேலே ஒட்டவைத்த வசதியல்ல. விசையைப் பிடுங்கியதால் ஏற்பட்ட பள்ளத்தை அடைக்கப் போட்ட மண்.

விரலுக்குத் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கவிதையிலிருந்து உதாரணம் தருவதற்கு முன் கடலிலிருந்து ஒன்று தருகிறேன், கவிதை உதாரணங்களை யாரும் நம்புவதில்லை. 2017 ஆகஸ்ட் 21, விடியுமுன், சிங்கப்பூர் அருகே ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதியது. பத்து மாலுமிகள் செத்துப்போனார்கள். அந்தக் கப்பலில் சுக்கானையும் வேகத்தையும் தொடுதிரையில் கட்டுப்படுத்தும் ஏற்பாடு. வேகக் கட்டுப்பாட்டை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றப்போய், சுக்கானும் சேர்ந்து வேறு திரைக்குப் போய்விட்டது. சுக்கான் செயலிழந்துவிட்டது என்று நினைத்தார்கள். வேகத்தைக் குறைத்தபோது இரண்டு சுழலிகளில் ஒன்று மட்டுமே குறைந்தது. கப்பல் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டே போயிற்று. பயிற்சி போதாமை, மேற்பார்வை இன்மை எல்லாம் விசாரணையில் சொல்லப்பட்டன. கூடவே இதுவும்: கையால் தள்ளும் நெம்புகோல்களாக இருந்திருந்தால், இரண்டும் சேர்ந்து நகர்கின்றனவா இல்லையா என்று கைக்கே தெரிந்திருக்கும். 2019இல் அமெரிக்கக் கடற்படை அந்த வகைக் கப்பல்களில் பழைய நெம்புகோல்களையே திரும்ப வைக்கப்போவதாக அறிவித்தது. கார்களைச் சோதித்து நட்சத்திரம் வழங்கும் யூரோ என்கேப் அமைப்பும் 2026 முதல் திசைவிளக்கு, ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்கு உண்மையான பொத்தானோ நெம்புகோலோ இருந்தால்தான் ஐந்து நட்சத்திரம் என்கிறது. ஆக, உயிர் போகிற இடத்தில் விசை திரும்பி வந்துகொண்டிருக்கிறது. எழுத்தில் உயிர் போவதை யாரும் விசாரிப்பதில்லை.

விசை மேலேயே பகை கொண்ட ஒரு ரசனை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 2015இல் ஆப்பிள் தன் லேப்டாப்பில் பட்டாம்பூச்சி விசை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மிஷின் மெலியவேண்டும் என்பதற்காக விசையின் ஆழத்தைக் குறைத்தார்கள். ஒரு துகள் தூசி போனால் விசை ஒன்று அடிக்காது, அல்லது இரண்டுதடவை அடிக்கும். நான்கைந்து வருஷம் பிடிவாதமாக அதையே விற்று, இலவசமாக மாற்றித் தந்து, 2019இல் பழைய மாதிரிக்குத் திரும்பி, 2022இல் ஒரு வழக்கில் 5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டார்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மெலிவுக்காக இத்தனையும். நமக்கு இது பரிச்சயமான நோய். சொற்சிக்கனம் என்று கேள்விப்பட்டு, வரியை உடைத்து உடைத்து, கடைசியில் அர்த்தம் இருக்கவேண்டிய ஆழத்தையும் வெட்டிவிடுகிற கவிதைகள் வாராவாரம் தபாலில் வருகின்றன.

இதைவிட நுட்பமான ஓர் உதாரணம் உண்டு. பிரௌன் என்ற ஜெர்மன் கம்பெனிக்காக டீட்டர் ராம்ஸும் டீட்ரிஷ் லூப்ஸும் வடிவமைத்த ஈடி 66 என்ற கால்குலேட்டர், 1987. கறுப்புப் பெட்டி, உருண்டைப் பொத்தான்கள். ஒவ்வொரு பொத்தானும் குவிந்து மேலெழும்பியிருக்கும். அந்தக் குவிவு விரலுக்காகச் செய்தது. எது ஒன்று, எது இன்னொன்று என்று பார்க்காமல் தெரிய. முதல் ஐபோனில் இருந்த கால்குலேட்டரைப் பார்த்தவர்களுக்கு அதே உருண்டைப் பொத்தான்கள் ஞாபகத்துக்கு வரும். ஒளியும் நிழலும் போட்டு, குவிந்தாற்போல வரைந்திருந்தார்கள். தடவினால் வழுக்கை. ராம்ஸ் விரலுக்குச் சொன்னதை இவர்கள் கண்ணுக்குச் சொன்னார்கள். பிறகு 2013இல் அந்த நிழல்களெல்லாம் போலி என்று அவர்களுக்கே தோன்றி, எல்லாவற்றையும் தட்டையாக்கினார்கள். போலியை ஒழித்தார்கள், சரி; ஆனால் எதன் போலியோ அதைத் திருப்பித் தரவில்லை. இப்போது பொத்தான் எது, வெறும் எழுத்து எது என்று கண்ணுக்கும் தெரியாமல் போயிற்று. ஒரு மேதையின் உருவத்தை எடுத்துக்கொண்டு அதன் காரணத்தை விட்டுவிட்டால் என்ன மிஞ்சும் என்பதை மௌனியைப் பின்பற்றிய கதைகளில் நாம் ஏற்கனவே பார்த்திருக்கிறோம்.

இனித் தமிழுக்கு வருகிறேன். நம் விஷயத்தில் கதை கொஞ்சம் வேறு. எழுதும் யந்திரம் நம் எழுத்தைச் சங்கடப்படுத்தியது கண்ணாடியோடு தொடங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் பிழைக்கப் போன ஆர். முத்தையா என்பவர்தான் தமிழ் டைப்ரைட்டருக்கு வழி செய்தவர். அவர் முன்னாலிருந்த கஷ்டத்தை எண்ணிப்பாருங்கள். 247 எழுத்துகள். விசைகளோ நாற்பத்துச் சொச்சம். கு, மு, டு என்று உகரம் ஏறிய உருவங்கள் ஒவ்வொன்றும் ஒரு விதமாய் வளைகின்றன. அவற்றுக்குத் தனியே இடம் வேண்டும். புள்ளி எழுத்தின் தலைமேல் உட்காரவேண்டும். அதற்காகத்தான் நகரா விசை. புள்ளியை அடித்தால் தாள் நகராது. பிறகு க அடித்தால் அது புள்ளிக்குக் கீழே வந்து விழும். ஆகவே தமிழ் டைப்ரைட்டர் பழகியவர் முதலில் வெற்றிடத்தில் ஒரு புள்ளியை வைக்கிறார், பின்னால் அதற்கு ஒரு மெய்யைக் கொண்டுவந்து சேர்க்கிறார். கொ என்பதற்குக் கொம்பு, க, கால் என்று மூன்று. கண்ணுக்குத் தெரியும் வரிசையில் துண்டு துண்டாக அடுக்குவது. இது தச்சுவேலை. மொழி இதில் கைக்கு வருவதில்லை, மொழியின் படம் வருகிறது. அந்த மிஷினை நான் காவியமாக்கத் தயாரில்லை. ஆனால் அது விரலில் பதிந்தது. கோர்ட்டு வாசல்களில் உட்கார்ந்து, பேசுகிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மனுக்களை அடித்துத் தள்ளியவர்களைப் பார்த்திருக்கிறேன். மனுக்காரன் அழுததை அவர்கள் கவனித்தார்கள்.

1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி உருவாகி, தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை வேறு ரகம். நம் காலத்தில் தமிழில் நடந்த வடிவமைப்புக் காரியங்களில் சிறந்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். சிறந்தது என்று நான் சொல்வதால் அது பரவியிருக்கும் என்று யாரும் எண்ணவேண்டாம். அதில் உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று. 31 விசைகளில் தமிழ் முடிந்துவிடுகிறது. உயிரெல்லாம் இடது கை. மெய் அநேகமாக வலது கை. வலது கையின் நான்கு விரல்களும் ஓய்வெடுக்கிற இடத்தில் ப, ம, த, ந. இடது கை அ, இ, உ என்று படுத்திருக்கும். கொ வேண்டுமென்றால் க, ஒ. வலது தட்ட, இடது தட்ட, மத்தளம் மாதிரி. அம்மா வேண்டுமென்றால் அ, ம, ம, ஆ. ஒரே மெய் இரண்டு தடவை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். ங பக்கத்தில் க வந்தாலும், ந பக்கத்தில் த வந்தாலும் அப்படியே. இதுவும் யந்திரம் செய்கிற ஊகம்தானே என்று கேட்கக்கூடும். இல்லை. அது மொழியின் விதி. தமிழ்ச் சொற்களில் அந்த இடத்தில் அநேகமாகப் புள்ளிதான் வரும். யந்திரம் இங்கே இலக்கணத்தைத் தெரிந்துவைத்திருக்கிறது; நான் என்ன சொல்லப்போகிறேன் என்பதைத் தெரிந்துவைத்திருப்பதாகப் பாவனை செய்யவில்லை. இந்த வித்தியாசம் எனக்கு மிக முக்கியம். உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் என்று தொல்காப்பியம் தொட்டுப் படித்ததை, நான் விரல்களில் உணர்ந்தது இந்தப் பலகையில்தான். தற்செயலாக ஒரு அழகும் நேர்ந்திருக்கிறது: நான் முன்பு சொன்ன அந்த இரண்டு மேடுகளும் இதில் ஃ மேலும் ப மேலும் அமைகின்றன. தமிழில் அதிகம் புழங்காத எழுத்தின்மேல் ஒரு மேடு என்று சிரிக்கவேண்டாம். ஆய்த விசைதான் புள்ளி விசையும்.

ஆனால் நம்மவர்களில் பெரும்பாலோர் எழுதுவது இதில் அல்ல. ஆங்கில எழுத்தில் அடித்து, தமிழாக மாற்றிக்கொள்கிறார்கள். கற்றுக்கொள்ள ஒரு நாளும் வேண்டாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. எல் அடித்தால் ல, ஷிப்டை அழுத்திப் பெரிய எல் அடித்தால் ள. சின்ன ஆர் ர, பெரிய ஆர் ற. ழவுக்கு இஸட். பள்ளிக்கூடத்திலேயே பெரிய ற, சின்ன ர என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தானே நாம் என்று சமாதானம் சொல்வார்கள். அது குழந்தைக்கு அடையாளம் காட்டச் சொன்னது. இங்கே ஒவ்வொரு தடவை ள எழுதும்போதும், அது ல என்பதன் பெருத்த வடிவம் என்று கை கற்றுக்கொள்கிறது. நாவில் வேறு இடத்தில் பிறக்கிற ஓர் ஒலி, விரலில் இன்னோர் ஒலியின் கிளையாகிவிடுகிறது. ள, ண, ற மூன்றும் கூடுதல் சிரமம் கேட்கிற எழுத்துகள் ஆகிவிட்டன. சிரமம் கேட்பதை அவசரத்தில் விட்டுவிடுவோம். மீதியை யந்திரம் ஊகிக்கும். எம், ஏ, எல், ஏ, ஐ என்று அடித்தால் மலையா, மாலையா, மாலாயா என்று பட்டியல் போட்டு நீட்டும். நாம் மலையை எழுதவில்லை. நீட்டிய தட்டிலிருந்து மலையைப் பொறுக்கிக்கொள்கிறோம்.

எழுதுவது பொறுக்கிக்கொள்வதாக மாறிய இடம் இதுதான். பிறகு அடுத்த படி. 2014 முதல் ஐபோனில் விசைகளுக்குமேல் மூன்று வார்த்தைகள் வந்து நின்றன. மற்றப் போன்களிலும் இதே ஏற்பாடு. ஊகிப்பதற்கு ஏற்கனவே வைத்த ஏற்பாடு, இப்போது பிழை செய்யாதபோதும் பேசத் தொடங்கிவிட்டது. எந்த வார்த்தைக்குப் பின்னால் எந்த வார்த்தை அதிகம் வந்திருக்கிறது என்று குவிந்து கிடக்கும் எழுத்திலிருந்து கணக்கெடுத்து, அதிகம் வந்ததை முன்னால் நீட்டும். என் போனில் வெயில் என்று அடித்தால் காலம் என்றும் நேரம் என்றும் நீட்டுகிறது. யந்திரத்தைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. வெயில் என்று தொடங்கிய அநேகம்பேர் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் 1959இல் செல்லப்பா 'எழுத்து' தொடங்கியபோது எதற்கு எதிராகக் கடை விரித்தார்? அதிகம்பேர் அதிகம் தடவை சொன்னதற்கு எதிராகத்தானே. வெயிலுக்குப் பின்னால் வராத ஒரு வார்த்தையை வரவைப்பதற்குத்தானே புதுக்கவிதை என்று ஒன்று வேண்டியிருந்தது? தேய்ந்த சொற்சேர்க்கை முன்பு நினைவின் மூலையில் கிடந்தது. சோம்பல் வந்தால் போய் எடுத்துக்கொள்வோம். இப்போது அது ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒருதரம் எழுந்து வந்து, கட்டை விரலுக்கு அரை அங்குலத்தில் நின்று, என்னைத் தொடு என்கிறது. தொடாமல் இருப்பதற்கு ஒவ்வொரு தடவையும் ஒரு சிறு மறுப்பு தேவைப்படுகிறது. நூறு மறுப்புகளுக்குப் பிறகு நூற்றியொன்றாவது தடவை கை அசதியில் தொட்டுவிடும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து, அதே கணக்கு மூன்று வார்த்தையிலிருந்து மூன்று பக்கமாக வளர்ந்திருக்கிறது. அதைப்பற்றி எல்லாரும் கூச்சல் போடுகிறார்கள். அதற்கு முன்பே விரல் நுனியில் நடந்துகொண்டிருந்ததுபற்றிக் கூச்சல் இல்லை.

இது கவிதைகளில் தெரிகிறதா? தெரிகிறது என்றே நினைக்கிறேன். நிரூபிக்கச் சொன்னால் முடியாது. விமர்சனத்தில் எதைத்தான் நிரூபித்திருக்கிறோம். கடந்த சில ஆண்டுகளில் வரும் கையெழுத்துப் பிரதிகளில் (இந்த வார்த்தையை இன்னும் வைத்திருக்கிறோம்) பழைய மோசமான கவிதைகளின் மோசம் குறைந்திருக்கிறது. எழுத்துப்பிழை இல்லை. விபரீதமான உருவகம் இல்லை. இருபது வருஷத்துக்கு முன்பு வந்த மோசமான கவிதையில் ஏதாவது ஒரு வரி முரண்டு பிடித்துக்கொண்டு நிற்கும். அர்த்தமில்லாவிட்டாலும் அது அந்த ஆளுடையது என்று தெரியும். இப்போதைய மோசமான கவிதை வழுக்கிக்கொண்டு போகிறது. எந்தச் சொல்லும் அடுத்த சொல்லை எதிர்க்கவில்லை. சுருள்வில் இல்லாத வரி. நல்ல கவிதைகளும் வருகின்றன, அவையும் போனில் எழுதியவைதான் என்பதையும் மறைக்கவில்லை. அவர்கள் எப்படியோ அந்த மூன்று வார்த்தைகளைப் பார்க்காமல் இருக்கக் கற்றிருக்கிறார்கள்.

இதை ஓர் இளம் நண்பரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "என்ன சார், எழுத்தாணி போய்ப் பேனா வந்தப்பவும் இப்படித்தான் யாராவது ஒருத்தர் கட்டுரை எழுதியிருப்பார்" என்றார். அதற்கு என் பதில்: எழுத்தாணி போய்ப் பேனா வந்தபோது பேனா வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அவர் அடுத்துச் சொன்னதற்கு என்னிடம் அவ்வளவு சுலபமான பதில் இல்லை. "உங்களுக்கு மேஜை இருந்தது, டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் பணம் இருந்தது. எங்கம்மா அடுப்பு முன்னாடி நின்னுகிட்டு போன்ல எழுதறாங்க. மேஜை கிடைச்சப்புறம் எழுதலாம்னு இருந்திருந்தா ஒரு வரி எழுதியிருக்க மாட்டாங்க." உண்மை. முத்து நெடுமாறனின் செல்லினம் 2005இல் சிங்கப்பூரில் வெளிவந்து, பத்து எண் பொத்தான்கள் இருந்த போன்களில் தமிழைக் கொண்டுவந்தபோது தொடங்கிய காரியம் அது. இரவு ஷிப்டில் காவல் இருப்பவர், வளைகுடாவில் அறையைப் பத்துப்பேரோடு பகிர்ந்துகொண்டவர், சமையலறையில் நிற்பவர் எல்லாம் தமிழில் எழுத வந்தது கண்ணாடியால்தான். இந்தக் கட்டுரையில் நான் சொன்ன அத்தனையையும் ஒரு தட்டில் வைத்து இதை மறுதட்டில் வைத்தால், இது கீழே இறங்கும். அதை ஒப்புக்கொண்டுதான் பேசுகிறேன்.

ஆனால் அந்தத் தாயாருக்கு மேஜை இல்லாததற்குக் கண்ணாடி தந்தார்கள் என்றால், கண்ணாடியோடு அந்த மூன்று வார்த்தைகளையும் ஏன் தரவேண்டும்? அவர் எழுத வந்தது இதுவரை யாரும் எழுதாத ஒன்றை. அவருக்கு முன்னால் எழுதியவர்களின் கணக்கை எடுத்து அவர் கையில் திணிப்பது என்ன நியாயம்? நண்பருக்கு இது பிடிக்கவில்லை. "அம்மாவுக்கு அது உதவியா இருக்குன்னு சொல்றாங்க" என்றார். இருக்கலாம். அவருடைய தாயார் எழுதிய இரண்டு கவிதைகளை வாங்கிப் படித்தேன். ஒன்று அந்த மூன்று வார்த்தைகளே எழுதியது போல இருந்தது. இன்னொன்றில் கோலப்பொடிப்பற்றி ஒரு வரி. எந்த யந்திரமும் நீட்டாத ஒரு சொல், பேச்சுவழக்குச் சொல், பிழையாகவே அடித்திருந்தார். சிவப்புக் கோடு விழுந்திருக்கும், விட்டுவிட்டார். அந்தக் கவிதை அடுத்த இதழில் வருகிறது. பிழையைத் திருத்தவில்லை.

எழுதுகிற நண்பர்களுக்குக் காரியமாக ஒரு யோசனை. போனில் விசைப்பலகை அமைப்புக்குள் போனால் பரிந்துரைகளை நிறுத்த ஓர் இடம் இருக்கும். தானே திருத்துவதை நிறுத்த வேறோர் இடம். ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் தமிழ்99 கிடைக்கிறது. மூன்றையும் ஒரே நாளில் செய்துவிடவேண்டும். ஒவ்வொன்றாகச் செய்தால் நடுவில் மனம் மாறிவிடும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். பத்து நாளில் இடது கை உயிரைக் கண்டுகொள்ளும். வீட்டில் மேஜை உள்ளவர்கள் ஒரு யந்திர விசைப்பலகை வாங்கிக்கொள்ளலாம், சுருள்வில் இருக்கிறதா என்று கடையில் அழுத்திப் பார்த்து. சத்தம் கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து திட்டுவார்கள். தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டித் தரட்டுமா என்று கடைக்காரர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லவும். ஒட்டினால் கண் கீழே போய்விடும்.